பதினெட்டு மில்லி

கம்பெனி கொடுத்த பூட்ஸ் எட்டாம் நம்பர்.
முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.
இடுப்புக் கச்சை ஆண்பிள்ளை இடுப்புக்குத் தைத்தது,
பட்டையை முழுக்க இழுத்தும் தொங்குகிறது.
கையுறைக்குள் என் விரல்கள்
காலி வீட்டில் நடப்பதுபோல் நடக்கும்.

பணகுடிக்குத் தெற்கே பதினேழாம் நம்பர் காற்றாலை.
எழுபத்தெட்டு மீட்டர், உள்ளே ஒரே ஏணி.
ஏறினால் நாலு மணிநேரம் இறங்க முடியாது.
மேலே கியர்பாக்ஸ் உண்டு, ஜெனரேட்டர் உண்டு,
தீயணைப்பான்கூட இரண்டு உண்டு.
மறைவு என்று ஒன்று கிடையாது.
நாப்கினோடு ஏறிய நாட்களில்
படிக்கொரு உரசல். இறங்கி வரும்போது
தொடை இரண்டும் உப்புத்தாள் போட்ட இரும்பு.

வள்ளியூர் மருந்துக்கடையில் கப் கேட்டேன்.
காகிதக் கப்பா என்றான் பையன்.
கூரியரில்தான் வந்தது.
பிள்ளை பெறாதவர்களுக்குச் சின்னது என்று போட்டிருந்தது.
பெறவில்லை, சின்னதை வாங்கினேன்.
ஒல்லியாய், நீளமாய் இருந்தது.
பத்தாவது படியில் காம்பு குத்தியது.
நகவெட்டியால் காம்பை வெட்டினேன்,
அப்புறம் அடிப்பாகம் குத்தியது.

அடுத்தது கெட்டி விளிம்பு.
பட்டென்று விரியும், ஒரு சொட்டுக் கசியாது,
ஆனால் மூத்திரப்பையை அமுக்கிக்கொண்டே இருக்கும்.
நாற்பதாவது மீட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு
பல்லைக் கடித்து நின்றிருக்கிறேன்.

'ஏட்டி, அது உள்ள போயி காணாமப் போயிட்டுன்னா?'
அறைத்தோழி ஜெபக்கனிக்கு ஒரே பயம்.
'போறதுக்கு அங்க என்ன ரோடா கெடக்கு?
முட்டுச்சந்துளா.'
சொல்லிவிட்டேனே தவிர
அந்தச் சந்து எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியாது.

நட்டைப் பார்க்காமல் ஸ்பேனர் எடுக்கிறவனை
எங்கள் சைட்டில் ஓட்டித் தள்ளுவார்கள்.
நான் இரண்டு ஸ்பேனர் எடுத்திருந்தேன்,
ஆயிரத்து நூறு ரூபாய்க்கு.

அடுத்த மாதம் முதல் நாள்
கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளியலறையில் குத்தவைத்து,
நடுவிரலை விட்டேன்.
இரண்டாம் கணு எட்டுவதற்குள் முட்டியது,
மூக்கு நுனிபோல, வழவழவென்று.
அம்மாடி, இவ்வளவு பக்கத்திலா இருக்கிறாய்.
பதினாறு வருஷம் ஒரே வீட்டுக்குள் குடியிருந்து
அன்றைக்குத்தான் கதவைத் தட்டியிருக்கிறேன்.

அப்படியென்றால் குட்டையாய் வேண்டும்,
அகலமாய், மெத்தென்று வேண்டும்.
காம்புக்குப் பதில் ஒரு சின்ன வளையம் போதும்.

நூடுல்ஸ் சட்டியில் கொதிக்கவைத்தால்
கொன்றுபோடுவேன் என்றாள் ஜெபக்கனி.
எண்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு சில்வர் சட்டி.
பேரு வெட்டணுமா என்றார் கடைக்காரர்.
வெட்டச் சொன்னேன். செ. பேச்சித்தாய்.
சீர்வரிசைக்கு முன்னால்
என் பேர் ஏறிய முதல் பாத்திரம்.

ஆடிக்காற்று பன்னிரண்டைத் தாண்டினால் ஏறக்கூடாது.
இரண்டு நாள் கீழேயே கிடந்தோம்.
மூன்றாம் நாள் விடியும்போது ஒன்பதுக்கு வந்தது.
கன்டெய்னர் அறைக் கழிப்பறையில்
மடித்து, செருகி, விட்டேன். மெதுவாக விரிந்தது.
விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன், மடிப்பு இல்லை.
போல்ட்டை முறுக்கி முடித்ததும்
அசைந்தால் தெரிய பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம்.
இதற்குக் கோடு போட வழியில்லை.
ஏறினேன்.

மேலே ஆயில் பில்டர் மாற்றினேன்,
பிரேக் பேடு தேய்மானம் பார்த்தேன்,
மகேந்திரகிரி முழுக்க மேகத்துக்குள் இருந்தது,
எலுமிச்சை சாதம் தின்றேன்.
இறங்கிக் கச்சையைக் கழற்றும்போதுதான்
இன்றைக்கு இரண்டாம் நாள் என்பது நினைவு வந்தது.

அடியைக் கிள்ளிக் காற்றை விட்டு எடுத்தேன்.
உள்ளே கோடு கோடாய் அளவு போட்டிருந்தது.
கொட்டிக் கழுவித் திரும்ப வைத்துக்கொண்டு
கை பழக்கத்தில் பதிவேட்டை எழுதினேன்:
கியர் ஆயில் சரி. பேடு ஏழு மில்லிமீட்டர்.
பதினெட்டு மில்லி.

கையெழுத்துப் போட வந்த ஆரோக்கியராஜ் சார்
பேனாவை அந்த வரியில் நிறுத்தினார்.
'இது எந்த ரீடிங்மா?'
'கசிவு பார்த்தேன் சார். இல்ல.'
'ம்' என்று கீழே கையெழுத்துப் போட்டார்.